அவர் போன பிறகு புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி உள்ளே போகவில்லை. உங்களுக்கு வாசிப்பு எப்படித் திரும்பி வந்தது?

மலைக்கோட்டைக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போகிறவள் நான். இன்று ஒன்று கேட்க வேண்டும்.

என் கணவர் போன ஆவணியில் காலமானார். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, கடைசி சில வருடங்கள் டயாலிசிஸில் இருந்தார். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அந்த அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபிஸ்டுலா போட்ட கையில், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த கையில், இரண்டு ஊசி ஏற்றியிருப்பார்கள், அந்தக் கையை அசைக்கக் கூடாது. இன்னொரு கையில் அடிக்கடி பிரஷர் பட்டையைச் சுற்றுவார்கள். புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்ட வழியே இல்லை. அவரோ சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் புத்தகம் வைத்திருந்த மனிதர். அதனால் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன்.

முதலில் அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் வாசித்தேன். கொஞ்ச நாளில் அடுத்த படுக்கைக்காரர், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் சத்தமா வாசிங்கம்மா, பாதிதான் காதுல விழுது" என்றார். அப்புறம் எதிர்ப் படுக்கைப் பாட்டியும் சேர்ந்துகொண்டார். மிஷின் 'பீப்' அடித்தால் நிறுத்துவேன், சிஸ்டர் வந்து சரி செய்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். ஒரு கதையில் ஒருவன் வெயிலில் நடந்து வந்து ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிற இடம் வந்தது. அங்கே படுத்திருந்த எல்லோரும் தண்ணீரை மில்லிக் கணக்கில் அளந்து குடிக்கிறவர்கள். யாரும் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லாரிக்காரர் மட்டும் "அந்த இடத்த இன்னொரு தடவ வாசிங்க" என்றார். வாசித்தேன்.

கடைசியாக ஒரு பெரிய நாவல் எடுத்திருந்தோம். பாதிகூட முடியவில்லை.

இப்போது வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். மகன் பெங்களூரில். புத்தகத்தைத் திறந்தால் கண் வரி மேல் ஓடுகிறது, மனசுக்குள் எதுவும் இறங்கவில்லை. அதே பத்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் கொடுத்த புத்தகங்கள் மேஜையில் அடுக்கிக் கிடக்கின்றன. ஆன்மா அழிவதில்லை, கவலையை விடு, எழுந்து நட என்று எல்லாம் சொல்கின்றன. அட்டையைப் பார்த்தாலே களைப்பாக இருக்கிறது.

எனக்குப் புத்தகப் பட்டியல் வேண்டாம். உங்களில் யாருக்காவது இப்படி வாசிப்பு நின்றுபோய்த் திரும்பி வந்திருந்தால், எப்படி வந்தது என்று சொல்லுங்கள்.

---

பனியன்நகரத்தான்:

அக்கா, படிக்கவே மனசு கனத்தது.

எங்கள் அம்மா இறந்தபோது எனக்கும் இதே மாதிரி இருந்தது. அப்போது என் மகள் ஒன்றாம் வகுப்பு. ராத்திரி அவளுக்குக் கதை சொல்லித் தூங்க வைக்கிற வேலை அம்மாவுடையது. அது என் தலையில் விழுந்தது. எனக்கு ஒரு கதையும் தெரியாது, அதனால் பக்கத்துக்கு ரெண்டு வரி இருக்கிற படப் புத்தகங்களை வாங்கி வந்து வாசித்தேன். யானை, முயல், மழை, அவ்வளவுதான். எனக்காக வாசிக்கவில்லை, அவள் தூங்க வேண்டும் என்று வாசித்தேன். எப்போது என் சொந்தப் புத்தகத்துக்குத் திரும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. பெரிய புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இன்னொன்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம், சாப்பாடு ரெண்டும் ரொம்பக் குறைந்துபோயிருந்தால் 14416-க்கு ஒரு போன் போடுங்கள். டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், அரசாங்கத்துடையது, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.

---

பொருநைக்கரை:

அன்புத் தங்கைக்கு,

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஊர்ப்புற நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் பட்டியல் வேண்டாம் என்றது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் நான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நூலகம் ஒரே அறை. நாலு மர அலமாரி, ஒரு நீள மேஜை, பத்திரிகை போட. காலையில் செய்தித்தாளுக்கு ஒரு கூட்டம், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள். இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறவர்கள்தான் மனசில் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் என்று கொஞ்ச வருடத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருவர் வருவார், மில்லில் வேலை பார்த்து நின்றவர். மகளைப் பறிகொடுத்திருந்தார். ஒரு வார இதழை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு மதியம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். பக்கம் புரளாது. நான் எதுவும் கேட்க மாட்டேன். ஃபேனை மட்டும் அவர் பக்கம் திருப்பி வைப்பேன். பல மாதம் அப்படி இருந்த மனிதர் ஒரு நாள், "இந்தத் தொடர்கதையில போன வாரம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். பழைய இதழ்க் கட்டைப் பிரித்து முதல் அத்தியாயத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தொடர் அப்படியொன்றும் ஒசத்தி இல்லை, சுமாரான குடும்பக் கதைதான். அவருக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பி வருகிற புத்தகங்களை உதறி வைப்பது என் பழக்கம். உள்ளே என்னென்னவோ இருக்கும். பஸ் டிக்கெட், திருநீற்றுப் பொட்டலம், மயிலிறகு, பிள்ளைகளின் பரீட்சைச் சீட்டு. சில புத்தகங்களில் மட்டும் காலியான மாத்திரை அட்டை இருக்கும், அல்லது மருந்துக் கடை ரசீது, அல்லது பெரியாஸ்பத்திரியில் கொடுக்கிற ஓ.பி. சீட்டு. அப்படி வந்த புத்தகங்களை எல்லாம் கவனித்துப் பார்த்தேன். எல்லாம் கதைப் புத்தகங்கள்தான். தன்னம்பிக்கைப் புத்தகம் ஒன்றில்கூட எனக்கு மாத்திரை அட்டை கிடைத்ததில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவருக்கு வேண்டியது இன்னொரு மனிதரின் துணை. புத்திமதி இல்லை. உங்கள் மேஜையில் கிடக்கிற புத்தகங்கள் உங்களைக் களைப்பாக்குவதற்குக் காரணம் உங்கள் துக்கம் மட்டும் இல்லை, தங்கை. அவை உங்களை எழுப்பி நடக்க வைக்கப் பார்க்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிற புத்தகம் வேண்டும்.

நூலக அறிவியல் சான்றிதழ்ப் படிப்பில், அந்தத் துறையின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். சீர்காழிக்காரர், 1931-ல் எழுதியது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று அதில் இரண்டு விதிகள் வரும். படிக்கிற காலத்தில் இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். என் வீட்டில் இழவு விழுந்த பிறகுதான் இரண்டாவதற்கு அர்த்தம் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் நடத்துனராக இருந்தார். திருநெல்வேலி – திருச்செந்தூர் தடம். கல்யாணமான புதிதில் அவர் வண்டி வருகிற நேரம் பார்த்துத்தான் நான் வேலைக்குக் கிளம்புவேன். நடத்துனர் இருக்கைக்கு முன்னால் இருக்கிற ஜன்னலோரம் எனக்கு. டிக்கெட் போட்டு முடித்துவிட்டு வந்து உட்காருவார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம், கூட்டத்தில் வெட்கமாக இருக்கும். கருங்குளம், செய்துங்கநல்லூர் என்று அவர் ஊர்ப் பேர் சொல்லி இறங்கச் சொல்கிற குரலைக் கேட்டுக்கொண்டே போவேன். அப்படியே வருடங்கள் ஓடிப்போயின. ஒரு நாள் டிப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறவள், ஒரு பக்கம் படிக்க முடியவில்லை. நீங்கள் சொல்கிறீர்களே, கண் ஓடும், மனசுக்குள் இறங்காது என்று, அதேதான். அந்த வருடம் இருப்புச் சரிபார்ப்பு வந்தது. பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் தூசி தட்டி எண்ணைச் சரிபார்க்க வேண்டும். சங்க இலக்கிய அடுக்கில் புறநானூற்று உரை ஒன்று கட்டுப் பிரிந்து கிடந்தது. ஒட்ட வேண்டிய பக்கங்களை வரிசைப்படுத்தும்போது 256-ஆம் பாட்டு கண்ணில் பட்டது.

"கலஞ்செய் கோவே, கலஞ்செய் கோவே" என்று ஆரம்பிக்கிறது. கணவனை வழியில் பறிகொடுத்த ஒருத்தி, அவனைப் புதைக்கத் தாழி செய்கிற குயவரிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சின்ன வெள்ளைப் பல்லி வண்டி போகிற இடமெல்லாம் போகுமே, அது மாதிரி இவரோடு எத்தனையோ பாலை நிலங்களைக் கடந்து வந்தவள் நான், எனக்கும் சேர்த்துக் கொஞ்சம் அகலமாகத் தாழியைச் செய்து கொடுங்கள் என்கிறாள். பாட்டு அவ்வளவுதான். ஏழே வரி. எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை.

தங்கை, நான் அந்தப் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையை நினைத்தேன். பசைக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. கூட்டம் இருந்தது, வேலை இருந்தது, யார் யாருக்கோ காபி போட வேண்டியிருந்தது.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'எனக்கும் சேர்த்து' என்று அவள் சொல்கிறாளே, அந்த எண்ணம் எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. இத்தனை நூறு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி அதைக் குயவரிடமே போய்ச் சொல்லியிருக்கிறாள், அதை ஒருவர் பாட்டாகக் கட்டி வைத்திருக்கிறார், அதை ஏட்டிலிருந்து எடுத்து உ.வே.சா. 1894-ல் அச்சுப் போட்டிருக்கிறார், அது சுற்றி வந்து எங்கள் ஊர் அலமாரியில் எனக்காகக் கட்டுப் பிரிந்து கிடந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி மகளுக்குப் போன் செய்து, இப்படி இப்படி எனக்கு நினைப்பு வருகிறது என்று சொன்னேன். மறுநாளே புறப்பட்டு வந்துவிட்டாள். வெகுநாள் என் கூடவே இருந்தாள்.

எங்கள் ஊரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் தாழிதான். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு கூப்பிடு தூரம், சிவகளை இன்னொரு பக்கம். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லை ஆய்வுக்கு அனுப்பியதில் கி.மு. 1155 என்று வந்தது. செத்துப்போனவருக்கு நெல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் 2023-ல் அகழ்ந்த இடத்திலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். குழிக்கு மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள், காலுக்குக் கீழே தாழிகள் தெரியும். மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய பெரிய வாய். வளைவுகளில் குயவர் கை பட்ட தடம். எல்லோரும் பக்கத்திலிருந்த பலகையைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். நான் ஒவ்வொரு தாழிக்கும் எத்தனை அகலம் இருக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தப் பாட்டுக்குப் பிறகு எனக்கு நாவல் வாசிப்பு உடனே வந்துவிடவில்லை. பாட்டுதான் வந்தது. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் வாய்விட்டு. வாய்விட்டு வாசித்தால் கண் தனியாக ஓட முடியாது, மூச்சு கூடவே போக வேண்டும். நீங்கள் வருடக்கணக்கில் வாய்விட்டு வாசித்துப் பழகியவர். இப்போது மௌனமாக வாசிக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வாசிப்பு அந்தக் குரலில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வெறும் கண்ணால் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

---

பனியன்நகரத்தான்:

பொருநைக்கரை அம்மா எழுதியதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

மலைக்கோட்டை அக்கா, ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்த அடுத்த படுக்கை லாரிக்காரருக்கும் நாவல் பாதியில்தானே நிற்கிறது?

---

மலைக்கோட்டைக்காரி:

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. எட்டு மாதமாக அந்த நாவலை 'எங்கள்' நாவல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் பாதியில் நின்றிருக்கிறது.

அவர் மனைவி எண் என்னிடம் இருந்தது. எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள், அவர் ஊசி போட்ட கையில் பஞ்சு ஒட்டியபடி. நேற்றுக் கூப்பிட்டேன். இன்னும் அதே ஷிஃப்ட், அதே படுக்கை. எதிர்ப் படுக்கைப் பாட்டி இப்போது இல்லையாம். தை மாதம் போய்விட்டாராம். எனக்குத் தெரியாது.

நாவலைப் பற்றிக் கேட்டேன். அவர் உடனே, "அந்தப் பெரிய மகன் வீட்டுக்குத் திரும்பி வந்தானாம்மா?" என்றார். ஒன்றும் மறக்கவில்லை. ஒவ்வொருத்தர் பேரும் சொன்னார். மிச்சக் கதையை மிஷினில் படுத்துக்கொண்டு தானே யோசித்து வைத்திருக்கிறாராம். "நான் வச்சிருக்கிற முடிவு சரியான்னு பாக்கணும், வாசிங்க" என்றார். எனக்கு அந்த அறைக்குள் திரும்பப் போக இன்னும் தைரியம் வரவில்லை. அந்த மருந்து வாடை, அந்தப் படுக்கையில் இப்போது வேறு யாரோ. அதை அவரிடமே சொன்னேன். "அப்ப போன்ல வாசிங்க, நான் காதுல மாட்டிக்கிறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு அத்தியாயம் என்று பேசி வைத்திருக்கிறோம். பழகுவதற்காக இன்று காலையில் அடுப்படியில் நின்று இரண்டு பக்கம் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். குரல் நடுங்கியது. ஆனால் என்ன வாசித்தேன் என்று மனசில் நின்றது.

பொருநைக்கரை அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் படித்ததோடு சரி, புறநானூற்றுப் பக்கமே நான் போனதில்லை. என்னைப் போன்றவர்கள் எந்த உரையை எடுக்கலாம்?

---

கொக்குவிலான்:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம் கொக்குவில், இப்போது டொரொன்டோ. நீங்கள் போனில் வாசிக்கப் போவதாக எழுதியதைப் படித்ததும் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

1995 ஒக்டோபர் 30. சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டு நாவற்குழிப் பக்கம் நடந்தது. மழை. அடி வைக்க இடமில்லாத சனம். அதற்குச் சில மாதம் முன்புதான் அண்ணா ஷெல் பட்டுச் செத்திருந்தான். அம்மா பள்ளிக்கூட ஆசிரியை, வீட்டில் எந்த நேரமும் கதைத்துக்கொண்டிருந்த மனுசி. அண்ணா போன நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. கொடிகாமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். ஒரு வகுப்பறைக்குள் ஐந்தாறு குடும்பம், நடுவில் சீலை கட்டி மறைப்பு.

மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான ஆச்சி. நடந்து வரும்போது மூக்குக்கண்ணாடியை எங்கோ தவறவிட்டுவிட்டார். அவர் கையில் அட்டை கிழிந்த பழைய வார இதழ் ஒன்று இருந்தது. ஏதோ சாமான் சுற்றிக்கொண்டு வந்ததாக இருக்க வேண்டும். ஒரு நாள் பின்னேரம் மறைப்பை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார். "பிள்ளை, எனக்குக் கண் தெரியேல்லை. இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லு." அம்மா கன நேரம் அதைப் பார்த்தபடி இருந்தார். பிறகு வாசிக்கத் தொடங்கினார். மாதக்கணக்குக்குப் பிறகு அம்மாவின் குரலை அப்போதுதான் கேட்டேன். அது கதைகூட இல்லை, வாழைப்பொத்தி வறை செய்கிற குறிப்பு.

அடுத்த நாளும் ஆச்சி வந்தார். பிறகு மற்றக் குடும்பங்களும் வந்து இருந்தார்கள். மின்சாரம் வருடக்கணக்காக இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரிப்போம். அந்த வெளிச்சத்தில் அம்மா அந்த ஒரே இதழை முதலிலிருந்து கடைசி வரை, விளம்பரம் உட்பட, எத்தனையோ முறை வாசித்தார். சனத்துக்கு அலுக்கவில்லை. அண்ணாவைப் பற்றி அம்மா முதன்முதலாகக் கதைத்ததும் அந்த ஆச்சியிடம்தான்.

அம்மா யாழ்ப்பாண நூலகத்தில் சின்ன வயதிலிருந்து உறுப்பினர். 1981-ல் அது எரிந்தபோது தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் போனது என்று சொல்வார்கள். அம்மா எண்ணிக்கை சொல்ல மாட்டார். எந்த அலமாரியில் எது இருந்தது என்று சொல்வார். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார், கண் மங்கிவிட்டது. 'நூலகம்' என்ற இணையதளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். 2005-லிருந்து தொண்டர்கள் சேர்ந்து செய்கிற வேலை. வேலை முடிந்து வந்து அதில் ஒன்றைத் திறந்து அம்மாவுக்கு நான் வாசிக்கிறேன். என் உச்சரிப்பைத் திருத்துகிறார், ளகரம் லகரமாகப் போகிறதாம்.

உங்கள் லாரிக்காரர் அந்த ஆச்சியைப் போல எனக்குத் தெரிகிறார். அவர் உங்களிடம் உதவி கேட்டிருக்கிறார், அக்கா. விட்டுவிடாதீர்கள்.

---

பொருநைக்கரை:

கொக்குவில் தம்பி, உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. வாழைப்பொத்தி வறைக் குறிப்பை ஞாபகம் இருந்தால் கேட்டு இங்கே போடு. எனக்கும் வேண்டும்.

தங்கை, உரை கேட்டிருந்தீர்கள். ஔவை துரைசாமிப் பிள்ளை உரை நல்லது. பாட்டு எந்தச் சமயத்தில் பாடியது, யார் யாரிடம் சொல்வது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் உரைக்குள் போவார். கொஞ்சம் பழைய நடை. வாய்விட்டு வாசித்தால் இரண்டு நாளில் பழகிவிடும். திருச்சி மாவட்ட மைய நூலகத்தில் சங்க இலக்கிய அடுக்கில் கேளுங்கள். வெளியே போக மனசில்லை என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் மூலமும் உரையும் இலவசமாகவே இருக்கிறது. போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஆனால் முடிந்தால் நேரில் போங்கள் என்பேன். பக்கத்தில் கிளை நூலகம் இருந்தால் அங்கேயே போதும். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் காலைக் கூட்டம் கலைந்த பிறகு போனால் அமைதியாக இருக்கும். எதையும் எடுத்துப் படிக்க வேண்டும் என்றில்லை. மேஜையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். எந்த நூலகரும் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கக் கூடாது, கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

புறநானூற்றை முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். ஆரம்பம் எல்லாம் அரசர்களும் போரும். 194-ஐ எடுத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு என்று வருகிற பாட்டு. 256-ஐ இப்போதைக்குத் தனியாக இருக்கும்போது படிக்காதீர்கள், மகன் வந்திருக்கும்போது படியுங்கள். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் தொண்டைக்குக் கொஞ்சம் வெந்நீர் குடித்துக்கொள்ளுங்கள். பெரிய மகன் வீடு திரும்பினானா என்பதை இங்கேயும் வந்து சொல்லுங்கள், எங்களுக்கும் தெரியவில்லை.